கூரை தொடாத சுவர்

பரீட்சை தொடங்குவதற்குச் சற்று முன்பு வினோதா அந்த டேப்லெட்டைக் கொண்டுவந்து புருஷன் திலக்ஷனின் கையில் கொடுத்தாள்.

“இது உள்ள இருக்கக் கூடாதாம். ஒரு பேப்பர் துண்டுகூட ஆகாது. நீங்களும் வரக் கூடாது, கூப்பிடக் கூடாது. வாய வச்சிக்கிட்டு சும்மா இருப்பீங்களா?”

“இருக்கேன் புள்ள.”

கதவு சாத்தப்பட்டது. மூலையில் விரிசல் விட்ட டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தான் திலக்ஷன். கொட்டகலை ஆட்டோ ஸ்டாண்டில் வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

வினோதா பஜாரில் ஃபாஸில் நானாவின் கடையில் போட்டோ கொப்பி எடுப்பவள். ஒருநாள் கடையில் இன்டர்நெட் நின்றுபோனது. கம்பனி ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ரவுட்டரைத் தானே நோண்டிச் சரிசெய்தாள். அன்று பிடித்த கிறுக்கு. நானாவிடமே ஒரு பழைய டேப்லெட்டை வாங்கி, நெட்வேர்க்கிங் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். அரிசி வாளியில் அதைச் சாய்த்து வைத்து, ரொட்டி மாவு ஒட்டிய விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் படிப்பாள். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குச் செய்தி எந்த வழியாகப் போகும் என்று தனக்குத்தானே முணுமுணுப்பாள். திலக்ஷனுக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும், “எங்க வீட்டுல நெட்வேர்க் படிக்கிறாங்க. ஒலகம் பூரா செல்லுபடியாகுற சர்ட்டிபிகேட்டு” என்று சொல்லாமல் ஆட்டோவில் ஏறிய ஒருவரையும் இறக்கிவிட மாட்டான். பெருமை அவனுக்கு வாயில் நிற்காது.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம்; முடிந்ததும் பாஸா ஃபெயிலா என்று திரையிலேயே வந்துவிடும். நானாவிடம் இரவல் வாங்கிய லேப்டாப்புக்கு முன்னால் தனியாக உட்கார வேண்டும். எங்கோ இருக்கிற ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பார். பங்களாவில் இருப்பவர்களுக்கு அது சரி. தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பிரா வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் விக்கல் எடுத்தால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொள்ளுவார்கள். போன தடவை பாதிப் பரீட்சையில் பக்கத்து வீட்டு மாயாண்டி தன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார். அறையில் வேறு ஆளின் குரல் கேட்கிறது என்று பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். வினோதா அழவில்லை. நேரே போய் மாயாண்டியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வந்தாள்.

“என் வீட்டுல நான் பாட்டு கேக்க ஒங்கிட்ட பெர்மிட் எடுக்கணுமா?” என்று அவரும் கத்தினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

“கொழும்புல சென்டர் இருக்காமே, அங்க போயி எழுதிடுவோமா?” என்று திலக்ஷன் கேட்டுப் பார்த்தான்.

“இங்கதானே படிச்சேன், இங்க இருந்துதான் எழுதுவேன். நம்ம காம்பிராவுக்கு என்னா கொறச்சல்? இந்த வாட்டியும் நின்னு போச்சுன்னா டேப்ப தொடவே மாட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அதுதான் அவனுடைய பயம்.

பரீட்சை நேரத்தில் சத்தம் வேண்டாமென்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். மாயாண்டி மட்டும், “அவ வந்து கேட்டாளா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை வந்து சொன்னபோது வினோதா, “நான் போயி கெஞ்சணுமா?” என்றாள். வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

பரீட்சை நாள் ஞாயிற்றுக்கிழமை, தேயிலை மலையில் வேலை இல்லை. லயம் நிறைய ஆட்கள். பெண்கள் வாளியைக் குழாயடியில் சாய்த்துப் பிடித்துச் சத்தமில்லாமல் தண்ணீர் பிடித்தார்கள். பிள்ளைகளைக் கோயில் பக்கம் விரட்டியாயிற்று. கீழே ஓடை ஓடுவது இங்கே கேட்கும் என்பது, இதே லயத்தில் பிறந்த திலக்ஷனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாயாண்டி ஸ்பீக்கரோடு வெளியே வந்தார். திலக்ஷன் பாதி எழுந்தான். இஸ்தோப்பில் வைத்து அலறவிடப் போகிறாரா?

அது சக்கரம் வைத்த ஸ்பீக்கர். உருட்டினால் கடகடவென்று சத்தம் வரும். மாயாண்டி அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சிரைக்கப் படியிறங்கி, வாசலைத் தாண்டி, தேயிலைச் செடியோரம் கொண்டுபோய் வைத்தார். யாரும் தொடக் கூடாது என்பதுபோல அதன்மேலேயே ஏறி உட்கார்ந்தார். இருமல் வந்தபோது தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். திலக்ஷன் பக்கம் திரும்பவே இல்லை. திலக்ஷனுக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டான்.

உள்ளே மௌஸ் சொடுக்கும் சத்தம்கூட இஸ்தோப்புக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

வினோதா கதவைத் திறந்தாள். திலக்ஷன் எழுந்தான். வாய்வரை வந்த கேள்வியைக் கையால் பொத்திக்கொண்டான். அவள் அவனைத் தாண்டி, செருப்பில்லாமல் படியிறங்கி நடந்தாள். ஒவ்வொரு கதவிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். மாயாண்டி ஸ்பீக்கரை விட்டு எழுந்து நின்றார்.

“அண்ணே,” என்றாள் வினோதா. “போடுங்க. நல்லா சத்தமா போடுங்க.”

மாயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சத்தமாவா தங்கச்சி?”

“கீழ ரோட்டுக்கு கேக்கணும்.”

அவர் குனிந்து பொத்தானைத் தேடினார். அவசரத்தில் அகப்படவில்லை. வினோதா பக்கத்தில் குந்தி, டேப்லெட்டில் மாவோடு தள்ளித் தள்ளிப் படித்த அந்த விரலால் தானே அழுத்தினாள்.