எம்ரிஸ் கெடுத்த போணி

பன்னிரண்டாவது அடியில் துணிக்கடை ஆன்ட்டி லமிலே கூப்பிட்டுவிடுவாள் என்பது எம்ரிஸின் கணக்கு. பதினைந்து ஆயிற்று. கூப்பிடவில்லை.

கூப்பிட்டது தன் காதில் விழவில்லையோ என்று நடையைக் குறைத்தான். ஷூ கயிற்றைக் கட்டுகிற பாவனையில் ஒருமுறை குனிந்தான். அவன் போட்டிருந்த ஷூவுக்குக் கயிறே கிடையாது என்பது குனிந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்துவிட்டதே என்று உடனே நிமிர முடியுமா? இல்லாத கயிற்றைக் கொஞ்ச நேரம் நிதானமாகக் கட்டினான். பின்னாலிருந்து சத்தமே இல்லை. நாற்பதாவது அடியில் துணிச்சந்து முடிந்து அலுமினியப் பாத்திரக் கடை வந்துவிட்டது. அதற்கு மேல் நடந்தால் பஸ் நிலையம்தான்.

மக்கோலா சந்தையில் பேரம் பேசுவது எப்படி என்று பாடம் எடுக்கிறவன் எம்ரிஸ். வேல்ஸிலிருந்து தண்ணீர் பம்ப் மாட்ட கானாவின் அக்ராவுக்கு வந்தவன், அரபாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒன்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறான். கம்பெனிக்குப் புதிதாக வருகிற வெள்ளைக்காரப் பையன்களை உட்காரவைத்துச் சொல்வான்: "சொல்ற விலையில பாதியக் கேளு. சிரி. திரும்பி நட. எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்காதே." பையன்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எம்ரிஸும் யோசித்து வைத்திருப்பான்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

பார்க்காமல் முடியாது. நாளைக்கு அரபாவின் அம்மா இறந்து ஒரு வருஷம். சர்ச்சில் நன்றி வழிபாடு. குடும்பம் மொத்தமும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காரும். வெள்ளையில் நீலச் சாவி போட்ட துணி. இத்தனை வருஷம் இந்த வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் எம்ரிஸ் ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு, பந்தலின் கடைசியில், அரபாவின் பாங்க் மேனேஜருக்குப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். இந்த முறை குடும்பத்துக்குப் பெரியவரான எபோ மாமா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவை நீ எங்க வரிசையில உட்காரு. துணி லமிலே கடையில இருக்கு, வாங்கித் தைச்சுக்கோ" என்றார். அன்று வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது எம்ரிஸ் இரண்டு முறை வழி தவறினான்.

அவ்வளவு ஆசை இருக்கிறவன் மறுநாளே போய் வாங்கியிருக்க வேண்டாமா? போனான். லமிலே கானா நாட்டுப் பணத்தில் நானூற்று இருபது சிடி என்றாள். இவன் இருநூற்றெண்பது என்றான். அடுத்த வாரம் இறங்குவாள் என்று விட்டான். அடுத்த வாரமும் இறங்கவில்லை. அதற்குள் வீட்டில், "துணி வாங்கிட்டியா?" என்று அரபா கேட்டாள்.

"ஓ, வாங்கித் தையல்காரர்கிட்டயே குடுத்தாச்சு. நானூத்து இருபது சொன்னாங்க. இருநூத்தெண்பதுக்கு அடிச்சேன்!"

"இருநூத்தெண்பதா? பரவாயில்லையே!" என்று அவள் சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

தையல்காரர் கெடு வைத்தது இன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம். கடையில் மீதி இருந்தது ஒரே ஒரு ஆறு கெஜம். அதனால்தான் கடை திறக்கும்போதே வந்து நின்றான். நின்றவன் கேட்ட விலையைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். பழக்கம், வாய் இருநூற்றெண்பது என்றது, கால் தானாகத் திரும்பி நடந்தது.

நாற்பது அடியையும் திரும்ப நடந்து கடைக்கு வந்தபோது லமிலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதுக்கு மேல், அகன்ற தோள், தலையில் கோபுரம் மாதிரி கட்டு. பக்கத்துக் கடையில் தலைத்துணி விற்கிற ஃபௌஸியா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, சரி, நீங்க சொன்ன நானூத்து இருபதே தர்றேன்."

லமிலே அவனைப் பார்க்கவில்லை. "ஃபௌஸியா, அந்த ஐயாகிட்டச் சொல்லு, துணி விற்பனைக்கு இல்ல."

"துணி விற்பனைக்கு இல்லையாம் அண்ணே," என்றாள் ஃபௌஸியா, இரண்டடி தள்ளி நின்றவனிடம்.

"நானூத்தம்பது!"

"காது நல்லா இருக்கான்னு கேளு."

"காது நல்லா இருக்கா அண்ணே?"

"ஐந்நூறு!" சொல்லிவிட்டு எம்ரிஸுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது வருஷமாகச் சேர்த்த திறமை முழுவதையும் ரிவர்ஸ் கியரில் ஓட்டிக்கொண்டிருந்தான். எதிர்க் கடைப் பெண்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "நிறுத்தாதே, ஆயிரம் வரைக்கும் போ!" என்று உற்சாகப்படுத்தினாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று ஃபௌஸியாவிடம் கேட்டான்.

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. இன்னைக்குக் கடைக்கு வந்த முதல் ஆள் நீங்க. முதல் ஆள் பேரம் பேசிட்டு வாங்காமப் போனா அன்னைக்குப் பொழுது போச்சு. போணியக் கெடுத்துட்டீங்க. ஒன்பது வருஷம் இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. ஒன்பது வருஷமும் அவன் சந்தைக்கு வந்தது சனிக்கிழமை மத்தியானங்களில்தான், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, விளையாடப் போகிறவன் மாதிரி. கடை எப்படித் திறக்கிறது என்று அவன் பார்த்ததே இல்லை.

"இப்ப நானே வாங்கிட்டாப் போணி ஆயிடாதா?"

"கெடுத்த கையாலேயா?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டாள் லமிலே. "வேற ஒரு ஆள் வந்து வாங்கட்டும். அப்புறம் பேசலாம்."

எம்ரிஸ் மணியைப் பார்த்தான். எட்டேகால். தெருவில் போகிறவர்கள் எல்லாம் கஞ்சிக்கும் கென்கே என்கிற சோள உருண்டைக்கும் போய்க்கொண்டிருந்தார்களே தவிர, துணி வாங்குகிற முகம் ஒன்றையும் காணோம். அரை மணி காத்திருந்தான். பிறகு கோட்டைக் கழற்றி ஸ்டூலில் போட்டுவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு சந்தின் நடுவில் போய் நின்றான்.

"வாங்க அக்கா, வாங்க! புதுத் துணி! சாயம் போகாது!"

சந்தே சிரித்தது. மூட்டை சுமந்து போனவர் நின்று, மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். "ஏய், ஒப்ரோனி, வெள்ளைக்காரன் துணி விக்கிறான்!" என்று யாரோ கத்த, அடுத்த சந்திலிருந்தும் ஆள் வந்தது. படம் எடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர். வாங்கியவர் யாருமில்லை. அவமானம் என்பது முதல் பத்து நிமிஷம்தான், பிறகு தொண்டைவலிதான் மிஞ்சுகிறது என்று எம்ரிஸ் கண்டுகொண்டான்.

ஒன்பதரைக்கு ஒரு அம்மாள் வந்தாள். கைப்பையை அக்குளில் இடுக்கிய விதத்திலேயே ஏதோ பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை என்று தெரிந்தது. மஞ்சள் துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

அவனுக்குத் தெரிந்த விலை ஒன்றுதான். "நானூத்து இருபது."

அந்த அம்மாள் சிரித்தாள். "அது உங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்ற விலை தம்பி. என்னப் பார்த்தா நேத்து விமானத்துல வந்து இறங்கின மாதிரியா இருக்கு? இருநூத்தம்பது."

எம்ரிஸ் லமிலேயைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகம் சுவராக இருந்தது. "முந்நூத்தெண்பது," என்றான்.

அந்த அம்மாள் துணியைத் திரும்ப அவன் தோளிலேயே போட்டாள். சிரித்தாள். திரும்பி நடந்தாள்.

அந்தப் பாடம் அவன் எழுதியது. அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்பதும், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்பதும், பன்னிரண்டு அடி பொறுக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவள் போகப் போக, கூடவே நாளைய முன்வரிசையும் சர்ச்சும் எபோ மாமாவும் சேர்ந்து சந்தைவிட்டுப் போவதுபோல இருந்தது. மூன்றாவது அடியில் ஓடிப்போய் வழியை மறித்தான்.

"அம்மா, அம்மா! போகாதீங்க! உங்க விலை சொல்லுங்க!"

"முந்நூறு. அதுவும் உன் மூஞ்சியப் பார்த்துப் பாவமா இருக்குன்னு."

பின்னால் லமிலே லேசாக இருமினாள். எம்ரிஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அந்த அம்மாள் நோட்டுகளை எண்ணி லமிலே கையில் கொடுத்து, கொசுறாக ஒரு கைக்குட்டை கேட்டு, அதையும் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

லமிலே அந்த நோட்டுகளை ஒவ்வொரு துணி அடுக்கின் மேலும் தொட்டுத் தொட்டு எடுத்தாள். கடைசியில் தன் நெற்றியில் வைத்து இடுப்புப் பையில் செருகினாள். பிறகு, அன்று முதல் தடவையாக எம்ரிஸைப் பார்த்தாள்.

"உட்காரு. தண்ணி குடி. தொண்டை கிழிஞ்சிருக்கும்."

தண்ணீர்ப் பையின் மூலையைப் பல்லால் கடித்துக் குடித்தான். குடிக்கக் குடிக்க ஒரு விஷயம் மண்டையில் ஏறியது.

"ஆன்ட்டி, இந்த ரகம் முந்நூறுதானா?"

"முந்நூறுதான்."

"எனக்கு நானூத்து இருபது சொன்னீங்களே. ஒன்பது வருஷமா எல்லாத்துக்கும் அப்படித்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"ஆனா எனக்கு நிறையக் கொசுறு குடுப்பீங்களே! தலைத்துணி, அரை கெஜம் கூடுதல்... வீட்டுல காட்டிப் பெருமைப்படுவேனே!"

"பின்னே? கூடுதலா வாங்கின காசை நான் மனசாட்சியில்லாம முழுங்கவா முடியும்? உன் காசுதான் அப்படித் திரும்பி வந்துச்சு. தக்காளிக்காரி, மீன்காரி எல்லாரும் அப்படித்தான். மேலேர்ந்து இழுத்துக் கீழ கொண்டுவந்தாத்தான் உனக்குச் சந்தோஷம். பேரம் முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்போ பாடிக்கிட்டே வருவியாம், அரபா சொன்னா."

ஃபௌஸியா தலைத்துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எம்ரிஸுக்குச் சமையலறைக் குழாய்ச் சத்தம் ஞாபகம் வந்தது.

"அரபாவுக்கு நான் இந்தத் துணிய இன்னும் வாங்கலைன்னு..."

"தெரியாமலா? நான்தான் அவகிட்டச் சொன்னேன். எபோ வந்து தலை எண்ணிச் சொல்லிட்டுப் போனார். இருபத்திமூணு பேர், அதுல நீயும் ஒருத்தன். இருபத்திரண்டு போச்சு. இந்த ஒண்ணைக் கேட்டு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? மூணு வாரமா எடுத்து வெச்சிருக்கேன். நீயா வந்து 'எங்க வீட்டுத் துணியக் குடுங்க'ன்னு கேப்பேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா ஊர் சுத்திப் பார்க்க வந்தவனாட்டம் 'இது எவ்வளவு'ங்கிற. அப்படிக் கேட்டா நான் அப்படித்தானே சொல்லணும்? வீட்டுத் துணிக்குப் பேரம் உண்டா?"

எம்ரிஸ் ஸ்டூலிலிருந்து எழுந்தான். தோளில் கிடந்த துணி நூலைத் தட்டிவிட்டுக்கொண்டான். பேரம் பேசாமல் விலை கேட்பது எப்படி என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. 

"ஆன்ட்டி, எங்க வீட்டுத் துணியக் குடுங்க. எவ்வளவு?"

லமிலே வெள்ளையில் நீலச் சாவி போட்ட துணியை எடுத்து, காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இருநூத்தறுபது. இருபத்திமூணு பேருக்கும் அதேதான். கொசுறு கிடையாது."