வில்லமார் கீழிறங்கிய வருடம்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதச் சொன்னவர் ஜெயகௌரி. எங்கள் சங்கத்தின் செயலாளர். ஆண்டு மலரில் நாலு பக்கம் காலியாகக் கிடக்கிறதாம். வாழ்த்துச் செய்திகள் இந்த முறை குறைவாம். தோற்றவர்களை வாழ்த்த ஆர் வருவார்கள்?

"அண்ணை, தொடக்கத்திலையிருந்து நிண்ட ஆள் நீங்கள்தானே. எழுதித் தாங்கோ. கொஞ்சம் நம்பிக்கையா முடியுங்கோ" என்றார்.

நம்பிக்கையாக முடிய வேண்டுமென்றால் கோல்காப்பாளர் பந்தைப் பிடித்திருக்க வேண்டும், நான் பேனையைப் பிடித்து என்ன பயன் என்று கேட்டேன். சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். அதற்குப் பிறகு படித்தவர்கள் எழுதியதை வாசித்தேன், அவர்களில் நம்பிக்கை போயிற்று. ஆனாலும் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. போகப் போக நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சங்கம், ஸ்பெயின் நாட்டு உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்கு லண்டன் தமிழர் வைத்திருக்கிற ஆதரவாளர் சங்கம். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் எல்லாரும் உண்டு. பதவி இல்லாத உறுப்பினர் நான் ஒருவன்தான். கூட்டம் முடிந்தால் மண்டபத்தைக் கூட்டுவேன். யாரும் தந்த வேலையில்லை. மற்றவர்கள் கூட்டினால் மூலைக்குள் குப்பை கிடக்கும்.

(கழகத்தின் பெயரை மாற்றியிருக்கிறேன். வில்லமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போடுவார்கள் என்று செயலாளர் பயப்படுகிறார். இப்படி ஒரு சங்கம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெட்கத்துக்காகவாவது கொஞ்சம் ஓடியிருப்பார்கள்.)

2

முதல் தொடக்கம்:

"லண்டன் மாநகரில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில்"

பொய். அன்று நல்ல வெயில். மழை என்று எழுதினால் நீங்கள் உடனே துக்கப்படுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் துக்கம் எனக்குத் தேவையில்லை.

இரண்டாம் தொடக்கம்:

"வில்லமார் கழகம் இந்தப் பருவத்தில் எதிர்பாராத பின்னடைவைச்"

இது தலைவர்கள் அறிக்கை விடுகிற தமிழ். பின்னடைவு, பின்னடைவு என்று கேட்டுக் கேட்டு என் காது காய்த்துப்போய்விட்டது. தோற்றோம் என்று எழுத வேண்டும். தோற்றோம்.

மூன்றாம் தொடக்கம்:

"டூட்டிங்கில் யோகராஜாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு தொலைக்காட்சி இருக்கிறது."

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

3

அந்த அறையில்தான் நாங்கள் ஆட்டம் பார்ப்பது. மூட்டைகளில் இருப்போம். மஞ்சளும் கத்தரிப்பூ நிறமுமாகக் கோடு போட்ட கழகச் சட்டையை எல்லாரும் போட்டிருப்போம். வயிறு வைத்தவர்களுக்கு அந்தக் கோடு வளைந்து போகும்.

யோகராஜா சங்கத் தலைவர். என் நண்பன். (நண்பன் என்று எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதினேன். கிடக்கட்டும்.)

ஆவணியில் பருவம் தொடங்கியபோது இந்த முறை முதலாம் பிரிவுக்கு ஏறுவோம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். புதிதாக வாங்கிய முன்வரிசைக்காரன் முந்தி அடித்த கோல்களை ராம்கி போனில் காட்டினான். ராம்கி உபதலைவர், மினிகாப் ஓட்டுகிறவன். போனில் வெட்டி ஒட்டினால் நானும் நல்லாக அடிப்பேன் என்றேன். "அண்ணைக்கு ஒண்டிலையும் நம்பிக்கை இல்லை" என்றான். ஓம், இல்லை.

அந்த முன்வரிசைக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்ததுதான் மிச்சம். கார்த்திகையில் பயிற்சியாளரை நிறுத்தினார்கள். தையில் அவருக்குப் பிறகு வந்தவரையும் நிறுத்தினார்கள். பந்து அடிக்கிறவர்கள் அதே ஆட்கள். மாசிக்குள் அட்டவணையில் எங்களைக் கீழேயிருந்து மேலே தேடப் பழகிவிட்டோம்.

4

இந்தப் பகுதியை ஜெயகௌரி எடுக்கச் சொன்னார். பொருளாளரின் மனம் நோகுமாம். பொருளாளர் நகுலேஸ்வரி, யோகராஜாவின் மனைவி. அவர் செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் அம்மன் கோயிலுக்குப் போய், வில்லமாரின் கோல்காப்பாளர் பெயரில் ஒரு அர்ச்சனை செய்வித்தார். பெயர் எமெத்தேரியோ. ஐயர் நட்சத்திரம் கேட்டார். நகுலேஸ்வரி ஆயத்தமாகத்தான் போயிருந்தார். பிறந்த திகதியை இணையத்தில் எடுத்து, பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு கணித்து, "கேட்டை" என்றார். ஐயர் தடக்குப்படாமல் சொல்லி முடித்தாராம். லண்டனில் ஐயர்மார் எல்லாப் பெயருக்கும் பழகியவர்கள்.

அந்த ஞாயிறு எமெத்தேரியோ ஒரு தண்ட உதையைப் பாய்ந்து பிடித்தார்.

அதோடு அரிசி மூட்டைகளுக்கு நடுவே பக்தி பிறந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அதே அர்ச்சனை நடந்து, திருநீறு கைமாறியது. ராம்கி தொலைக்காட்சிக்கே ஒரு கீற்றுப் பூசினான். நான் பூசவில்லை. மனுசன் பயிற்சி எடுத்துப் பிடித்தான் என்றேன். அப்போது யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. வென்றுகொண்டிருக்கிறவர்கள் சண்டைக்கு வருவதில்லை.

(வென்றுகொண்டிருந்தோம் என்று எழுதுவது மிகை. இரண்டு வெற்றி, மிச்சம் சமன். ஆனால் மூச்சு வந்தது.)

5

இங்கே ஜெயகௌரி சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்: இத்தனை கழகம் இருக்க ஏன் இந்தக் கழகம்? வாசகருக்குக் காரணம் வேண்டும்.

வாசகருக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். சொல்கிறேன்.

யோகராஜாவையும் என்னையும் லண்டனுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், ஸ்பெயினில் ஒரு துறைமுக ஊரில் இறக்கிவிட்டு ஓடிவிட்டான். வருடக் கணக்காக அங்கே கிடந்தோம். மீனைத் தகரத்தில் அடைக்கிற இடத்தில் வேலை. நிறத்தைக் கண்டால் பொலிஸ் நிறுத்தும். பஸ்ஸில் பேப்பர் கேட்பார்கள், சந்தையில் கேட்பார்கள், கடற்கரையில் சும்மா நின்றாலும் கேட்பார்கள்.

வில்லமார் மைதானத்தில் மட்டும் கேட்கவில்லை. டிக்கற் இருந்தால் உள்ளே விட்டார்கள்.

முதல் நாள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றோம். பக்கத்தில் ஒரு பருத்த மனுசி. சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்து, பருப்பைத் தின்று, கோதை நிலத்தில் துப்பிக்கொண்டு நின்றார். அங்கே ஆட்டம் பார்க்கிற எல்லாரும் அப்படித்தான். வில்லமார் கோல் வாங்கியது. மனுசி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு பையைச் சரித்து யோகராஜாவின் கைநிறைய விதை கொட்டினார். எந்த நாடு என்று கேட்கவில்லை. யோகராஜா அந்தக் கெட்ட வார்த்தையைத் திருப்பிச் சொன்னான். பிழை திருத்தி இன்னொரு தரம் சொல்ல வைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஸ்பானிய மொழி முழுவதும் அந்த மைதானத்தில் படித்தது. சபையில் சொல்ல ஏலாது.

அன்றைக்கும் வில்லமார் தோற்றது. ஜெயகௌரி, இதுதான் காரணம். போதாவிட்டால் விளம்பரம் போட்டுப் பக்கத்தை நிரப்புங்கள்.

6

கடைசி ஆட்டம். சமன் செய்தால் இரண்டாம் பிரிவில் தங்கலாம். தோற்றால் மூன்றாம் பிரிவு. ஒருவருக்கும் கோல் இல்லை, நேரம் முடியப்போகிறது. எமெத்தேரியோ உயரத்தில் வந்த பந்தைப் பிடித்தார். வடிவாகப் பிடித்தார். தூர எறிவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோனார், பந்து கையை விட்டு வழுக்கி, தன் வலைக்குள்ளேயே

இந்த வசனத்தை முடிக்க மாட்டேன்.

முதலில் வாய் திறந்தவன் ராம்கி. போனை நோண்டிக்கொண்டிருந்தவன், நட்சத்திரம் பிழை என்றான். எமெத்தேரியோ பிறந்த நாளில் மத்தியானத்தோடு கேட்டை முடிந்து மூலம் தொடங்கிவிட்டதாம். அவர் பிறந்தது பின்னேரமாம். அதுவும் ஸ்பெயின் நேரம், பஞ்சாங்கமோ யாழ்ப்பாணத்து நேரம்.

"அக்கா, இவ்வளவு நாளும் அர்ச்சனை வேறை ஆரோ ஒரு கேட்டைக்காரனுக்குப் போயிருக்கு" என்றான். எதிர்ப் பக்கத்து முன்வரிசைக்காரனின் பிறந்த திகதியையும் தேடத் தொடங்கினான்.

எல்லாரும் நகுலேஸ்வரியைப் பார்த்தார்கள். அவரின் முகம் சுண்டிப்போனது. அவருக்காகத்தான் நான் கதைத்தேன். கேட்டையும் இல்லை, மூலமும் இல்லை, கையுறை ஈரம், அர்ச்சனையால் நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை என்றேன்.

நகுலேஸ்வரி எழும்பினார். "பிழையாய்ப் போச்சு எண்டு சொன்னவையை நான் மன்னிப்பன். ஒண்டுமே நடக்கேல்லை எண்டவரை மன்னிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

யோகராஜா தொலைக்காட்சியை நிறுத்தினான். வெளியே அப்பர் டூட்டிங் வீதியில் வெயில் இன்னும் எறித்துக்கொண்டிருந்தது.

"போதும், இனிக் காணும், கிருஷ்ணா" என்றான்.

"என்ன காணும்?"

"தோக்கிற பக்கத்திலை நிண்டு நிண்டு கால் உளையுது. சாகிறதுக்கு முன்னம் ஒருக்கா எண்டாலும் வெல்லுற பக்கம் இருந்து கைதட்டோணும். அது பிழையே?"

அவன் உதைபந்தாட்டத்தைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மற்றதை எழுதினால் இந்த மலர் போதாது, அச்சகத்துக்கே சண்டைக்கு வருவார்கள். ஆகவே உதைபந்தாட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

நான் சொன்னேன்: "வெல்லுற பக்கத்திலை முதலே சனம் நிரம்பிப்போச்சடா. உன்ரை கைதட்டு அங்கை ஆருக்குக் கேக்கும்?"

அவன் விளக்கையும் நிறுத்தினான். அடுத்த நாள் எல்லாருடைய போனுக்கும் தலைவரின் பிரேரணை வந்தது. வரும் பருவம் முதல் சங்கம் வேறொரு கழகத்தை ஆதரிக்க வேண்டும். கோப்பைகள் வைக்க அலுமாரி போதாத ஒரு பெரிய கழகம். சட்டை வெள்ளை. பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு.

7

யோகராஜாவைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று சந்தேகம். முதல் பிரதியில் அவனைத் துரோகி என்று எழுதினேன். அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் சந்தி சந்தியாக மலிவாக விற்றுவிட்டார்கள். வெட்டினேன். இரண்டாம் பிரதியில் நல்லவன் ஆக்கினேன். அதுவும் அவனில்லை. கால் உளைகிற மனுசன் என்பதுதான் சரி. ஆனால் கால் உளைந்தால் இருக்க வேண்டும், பக்கம் மாறக் கூடாது. இதை அவனுக்குச் சொல்லத்தான் இந்த நாலு பக்கமும். பிடித்துவிட்டீர்கள்தானே?

இனி முடிவு. செயலாளர் விரும்புகிற முடிவு: யோகராஜா மேடையில் என்னைக் கட்டிப்பிடிக்கிறான், எல்லாரும் கைதட்டுகிறார்கள். நாங்கள் கட்டிப்பிடிக்கிற ஆட்கள் இல்லை. விடுங்கள்.

நடக்கக்கூடிய முடிவு: சங்கம் இரண்டாக உடைகிறது. இரண்டுக்கும் தலைவர், இரண்டுக்கும் போசகர், இரண்டும் ஒரே நாளில் ஒன்றுகூடல் வைக்கின்றன, பதாகை தங்களுடையது என்று இரண்டும் அடிபடுகின்றன. இதை எழுதக் கற்பனை தேவையில்லை.

ராம்கி சொன்ன முடிவு: நான் செத்துப்போகிறேன், என் நினைவாகச் சங்கம் பழைய சட்டையையே வைத்துக்கொள்கிறது. மெத்தப் பெரிய உபகாரம். நான் சாகவில்லை. என்னை எரித்து அந்த நெருப்பில் சங்கம் குளிர்காய வேண்டாம்.

8

ஆகவே முடிவு எழுத மாட்டேன். எழுதவும் ஏலாது, இன்னும் நடக்கவில்லை. பொதுக்கூட்டம் நடக்கிற சட்டன் தேவாலய மண்டபத்து வாசலில் இந்த மலரை உங்கள் கையில் தருவார்கள். தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம் என்று கேள்வி. இதை வாசித்துக்கொண்டிருக்கிற நீங்கள் கையை உயர்த்துவீர்களோ, மடியில் வைத்திருப்பீர்களோ, நான் அறியேன். உங்களையும் நான் அவ்வளவாக நம்பவில்லை.

என்ன முடிவானாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். ஆவணியில் மூன்றாம் பிரிவு தொடங்கும். தொலைக்காட்சியில் காட்ட மாட்டார்கள். அந்த ஊர் வானொலி போனில் வரும் என்று ராம்கி சொன்னான். எனக்கு விளங்குவது கெட்ட வார்த்தை மட்டும்தான். மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு அது போதும்.

யோகராஜா, தலைவர் என்றபடியால் அச்சான மலரில் முதல் பிரதி உனக்குத்தான் வரும். நீ கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிறவன், ஆகவே இதைத்தான் முதலில் பார்ப்பாய். பிரேரணை கொண்டுவந்தவர் அதை மீளப் பெறலாம் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் இருக்கிறதாம். பெறச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். மஞ்சளும் கத்தரிப்பூவும் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பேன். பக்கத்துக் கதிரை காலி. சட்டைப்பையில் சூரியகாந்தி விதை இருக்கும், உன் கடையில் வாங்கியதுதான்.

வந்தால் கோதை நிலத்தில் துப்பாதே. மண்டபம் கூட்டுகிறவன் நான்.