கருப்பி ஈன்ற இருபத்து மூன்று

அந்த வண்ணமீன் கடைக்காரனின் வலையை நான் அன்றைக்கே முறித்துப் போட்டிருக்க வேண்டும்.

எங்கள் பல் கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கும் இடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. மாதம் ஒருமுறை அவன் வந்து கழுவிவிட்டுப் போவான். கழுவுவதாக அவன் சொல்வான், பக்கத்தில் நின்று பார்க்கிறவன் நான். முந்தின இடத்துத் தொட்டியில் முக்கின வலை, ஈரம் சொட்டச் சொட்ட எங்கள் தொட்டிக்குள் இறங்கும். போன தடவை இரண்டு புது மீனையும் கவரில் கொண்டுவந்து அப்படியே அவிழ்த்துவிட்டான். நாலு நாள் தனியாக வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். இருபது வருடத் தொழில் என்று சிரித்தான். இருபது வருடமாகத் தப்பாகச் செய்தால் அது சரியாகிவிடுமா?

ஐந்தாம் நாள் மீன்கள் மேல் வெள்ளைப் புள்ளி. உப்பைத் தூவினது போல இருந்தது. அரிப்புத் தாங்காமல் கல்லில் உடம்பைத் தேய்த்துத் திரிந்தன. எட்டில் ஐந்து போய்விட்டது. பதினொரு வருடமாக இங்கே கூட்டித் துடைக்கிறவன் நான். செத்ததை அள்ளுவதும் என் தலையில்தான் விழுந்தது.

மிச்சம் மூன்றில் ஒன்று கருப்பி. கறுப்பு மோலி. இந்தச் சாதி மீன் முட்டை போடாது, குஞ்சாகவே ஈனும். வியாழக்கிழமை காலை விளக்கைப் போட்டேன். செடிக்குள்ளே கண்ணும் வாலுமாகத் துளித் துளியாகக் குஞ்சுகள் ஒளிந்திருந்தன. கருப்பி அடியில் சாய்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். இப்படி நோய் பிடித்த மீனைப் பார்த்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். கடைக்காரனுக்குச் சொல்லியாயிற்றாம். நாளை நாலு மணிக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுசு விடுவானாம். குஞ்சு இருக்கிறது என்றேன்.

"குஞ்சுதானே பெரியவரே. வேற வாங்கிக்கலாம்."

"நோயைக் கொண்டாந்தவன் உங்க கடைக்காரன். சாக வேண்டியது அதுங்களா?"

அவர் அடுத்த வாயைப் பார்க்கப் போய்விட்டார்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். பஞ்சு வருகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தேன். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். அப்போதே பிடித்த குழாய்த் தண்ணீரில் குஞ்சு தாங்காது. வலையும் கூடாது, செதில் போய்விடும். சின்னக் கோப்பையால் ஒவ்வொன்றாக மொண்டேன். நோய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது என்று, மொண்ட தண்ணீரை வடித்து, குஞ்சை மட்டும் சொட்டுக்குழாயால் டப்பாவுக்கு மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கோப்பையையும் சொட்டுக்குழாயையும் நீல வாளியில் முக்கி எடுத்தேன். இடுக்கியும் பல் பார்க்கிற கண்ணாடியும் மருந்தில் ஊறுகிற வாளி அது. இங்கே எது அழுக்கானாலும் அதற்குள்தான் போகும். இருபத்து மூன்று குஞ்சு. மூன்று தடவை எண்ணினேன்.

கருவிகளை ஆவியில் வேகவைக்கிற பெட்டி இருக்கும் அறையில், பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் டப்பாவை வைத்தேன். வெதுவெதுப்பு இருந்தால் அந்தப் புள்ளி நோய் சீக்கிரம் கழியும் என்று நர்ஸ் பெண் படித்துச் சொன்னாள். நான் அவளை ஸ்பிரிட் என்றுதான் கூப்பிடுவேன். கதவுக் கைப்பிடி, மேசை, போன், ஒன்றை விடாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். குனிந்து நின்றால் என் முதுகையும் துடைப்பாள். யாரும் கிட்டே வரக் கூடாது, முக்கியமாக நீ வரக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் ஆறு குஞ்சு அடியில் வெளுத்துக் கிடந்தது. மூன்று மணிக்குப் பதினொன்று. சாயங்காலம் பதினான்கு. எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டு, உன் பாழாய்ப்போன துணியால் டப்பாவைத் துடைத்தாய்தானே என்று கத்தினேன். பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவள் அழவில்லை. "நான் கிட்டயே போகலை தாத்தா" என்றாள். பிறகு குனிந்து டப்பாவை முகர்ந்தாள்.

"மோந்து பாருங்க."

முகர்ந்தேன். வாளி மருந்து வாசம்.

"கோப்பையை எதுல முக்குனீங்க?"

நீல வாளியில். முக்கினேன், அலசவில்லை. இருபத்து மூன்று தடவை சொட்டுச் சொட்டாக அந்த விஷத்தை நானே உள்ளே விட்டிருக்கிறேன். ஒருத்தன் வலையைப் பார்த்து வாரம் பூராவும் திட்டினவன் நான்.

அவள் வேறு டப்பாவை வெறும் தண்ணீரில் நாலு தடவை அலசி, நான் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, மிச்சம் ஒன்பதையும் மாற்றினாள். என்னை டப்பாவைப் பிடிக்கக்கூட விடவில்லை.

மறுநாள் நாலு மணிக்குக் கடைக்காரன் வந்தான். தொட்டியில் மிச்சமிருந்த இரண்டும் அதற்குள் செத்துப்போயிருந்தன. ஆவி அறைக்குள் எட்டிப் பார்த்தான். அட, குஞ்சா, புது மீனோடு விட்டுவிடலாம் என்று ஈர வலையை டப்பாவுக்கு நேரே நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கிழவன் பிடிதான், ஆனாலும் அவனால் விடுவிக்க முடியவில்லை.

"கடையில வாரத்துக்கு நூறு சாகுது. ஒன்பதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா தாத்தா?"

"அந்த நூறு உன் வலையில செத்தது. பதினாலு என் கையில செத்தது. நான் சொல்லிட்டேன். நீ சொல்லு."

டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு வாசலில் நின்றிருந்தார். எல்லா இடத்துக்கும் ஒரே வலையா என்று அவனிடம் கேட்டார். எல்லாரும் அப்படித்தான் சார் என்றான். டாக்டர் அந்த வலையையே பார்த்தார். ஒருத்தர் வாயில் வைத்ததை வேகவைக்காமல் இன்னொருத்தர் வாயில் வைக்காத மனுஷன் அவர். புது மீனைத் திருப்பிக் கொண்டுபோ, தொட்டி ஒரு மாதம் காலியாகக் காயட்டும் என்றார். நான் சொன்னபோது ஏறாதது இப்போதுதான் ஏறியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒன்பதும் இந்த அறையிலேயே இருக்கட்டும் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாளி இங்கேதான் இருக்கிறது. பதினொரு வருடப் பழக்கம், என் கை என்னைக் கேட்டுக்கொண்டா அதற்குள் போகிறது?

ஆறு மணிக்கு ஸ்பிரிட் வீட்டுக்குக் கிளம்பினாள். டப்பாவைத் தூக்கிக் கொடுத்தேன்.

"கண்ணாடிப் பாத்திரத்துல மாத்து. மீன் தீனியை இன்னும் பொடிச்சுப் போடு. துணியை எடுத்துட்டு அது பக்கம் போகாதே."

"என்னை நம்புறீங்களா தாத்தா?"

"உன்னை நம்பலை. என்னை அதைவிட நம்பலை."

கத்தினதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. வரவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் கொடுக்காத எவனையும் சும்மா விடாதே என்று பின்னாலேயே போய் வாசலில் நின்று சொன்னேன்.