நாலு மகன்மாருக்குப் பிறகு

படபடவென்று புகை கக்கிக்கொண்டு மூன்று சக்கர வண்டியொன்று நகர எல்லையிலிருந்த சியாகுல்லி மாண்டரின் தோடம்பழத் தோட்டத்துக்குள் புகுந்தது. ஏணியில் நின்ற ஜோக்கிமின் கையிலிருந்து கத்தரி நழுவி விழுந்தது.

வந்தவன் ஷாதாத். மக்ரான் பக்கத்துப் பலூச்சிக்காரன். நகரத்துக் கால்சாப் பகுதியில் ஜோக்கிமின் பக்கத்து வீட்டுக்காரன். மூன்று வருடத்தில் தமிழைப் பிடித்துக்கொண்டவன். காலையில் ஜோக்கிமின் மனைவி செலஸ்ரீனாவுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவனும் அவன்தான். முதலாளியின் தொலைபேசிக்கு அவ்வளவு செய்திதான் வந்திருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். கை சும்மா இருந்தால் மனம் கெட்டதை நினைக்கும் என்றே ஜோக்கிம் ஏணியில் ஏறியிருந்தான். நாலாவது பேறின்போதே செலஸ்ரீனா தப்பியது அருந்தப்பு.

"ஷாதாத், அவ எப்பிடி?"

"எல்லாம் சுகம்."

அந்தச் சொல்லை ஜோக்கிம் நம்பவில்லை. செய்தி கொண்டுவந்தவன் எதையும் 'எல்லாம் சுகம்' என்றே தொடங்கவேண்டும் என்பது ஷாதாதின் ஆட்களுடைய முறை. போன வருடம் தன் தகப்பன் செத்த செய்தியையும் அவன் அப்படித்தான் தொடங்கினான். பிறகு ஆதியிலிருந்து ஒழுங்காகச் சொல்வான். குறுக்கே பேசினால் திரும்பவும் முதலிலிருந்து.

ஷாதாத் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் அமர்ந்தான்.

"எங்கடை ஆதித் தகப்பன் மீர் ஜலால் கான். அவருக்கு நாலு மகன்மார்..."

"ரிந்த், லாஷார், ஹோத், கோறாய். ஆயிரந்தரம் கேட்டாச்சு. செலஸ்ரீனா..."

"எங்கடை ஆதித் தகப்பன் மீர் ஜலால் கான்."

"பேசாமலிரு மச்சான், விடியுமட்டும் சொல்லுவான்," என்றான் கீழே பழம் அடுக்கிக்கொண்டிருந்த பீலிக்ஸ்.

ஜோக்கிம் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நாலு ஆண்பிள்ளைகளைப் பெற்ற அவனுக்கு 'ஜலால் கான்' என்று பட்டம் வைத்ததே ஷாதாத்தான். ரிந்தும் லாஷாரும் முப்பது வருடம் அடிபட்ட கதையை, ஒற்றைச் சைக்கிளுக்கு அடிபடும் தன் மூத்தவர்கள் இருவருக்கும் ஜோக்கிமே சொல்லியிருக்கிறான். இன்று அந்த நாலு பெயர்களும் நகரவே மாட்டேன் என்றன.

"நாலு பேரின்ரை பேரிலையும் நாலு கூட்டம்," என்று சொல்லி நிறுத்தினான் ஷாதாத். அவன் கண் கலங்கியிருந்தது.

ஜோக்கிம் ஏணிப்படியிலிருந்து எழும்பினான். "அதோடை... முடிஞ்சுதே?"

"எங்கை முடிஞ்சது? அண்ணை ஒருநாளும் கடைசிமட்டும் கேட்கிறேல்லை. அந்த நாலு பேருக்கும் ஒரு தங்கச்சி, ஜாத்தோ. அவவின்ரை பேரிலையும் ஒரு கூட்டம் இருக்கு. வண்டியிலை ஏறுங்கோ, தாயும் மகளும் பாத்துக்கொண்டிருக்கினம்."