நாற்பத்தேழு அனுமதிகள்

பட்டியல் நாற்பத்தேழாவது பெயரில்தான் முடிந்தது. அவள் மடிக்கணினியைக் கட்டில் பக்கம் திருப்பி, அப்பாவின் கண்ணுக்கு எட்டும்படி பிடித்துக் காட்டினாள்.

"இத்தனை பேருக்கா அனுமதி குடுத்து வெச்சிருக்கீங்க?"

"கேட்டாங்க," என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே ஒரு சின்னப் பெட்டி வந்து, உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா என்று கேட்கும். அடியில் அனுமதி, தடு என்று இரண்டு பொத்தான்கள். மற்றவர்கள் படிக்காமலே தடுத்துவிட்டுப் போகிற அந்தக் கேள்விக்கு அப்பா ஒவ்வொரு முறையும் சரி சொல்லியிருந்தார். விளைவு, திரையின் வலது மூலையில் காலையிலிருந்து பெட்டி மேல் பெட்டியாக வந்து விழுந்துகொண்டிருந்தது. செருப்பு தள்ளுபடியில் இருந்தது. யாரோ ஒரு நடிகை உடல் இளைத்திருந்தாள். அப்பாவுக்குப் பரிசு விழுந்திருந்தது, அதுவும் நான்கு முறை.

அப்பா மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் முப்பத்துநாலு வருடம் இருந்தவர். தோளில் பையோடு வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதுதான் அந்த வேலையில் பாதி. சிலர் சிரித்த முகமாகத் திறப்பார்கள். சிலர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி மூச்சுக் காட்டாமல் இருந்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவது அதனாலோ என்னவோ அவருக்கு வரவே வராது. தெருவுக்குள் நுழைகிற விற்பனைக்காரர்கள் எல்லாரும் நம் வீட்டில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள் என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய இதயம் களைத்துப் போயிருந்தது. இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று பத்து நாளைக்கு முன்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றுக் காலை வந்து பார்த்த டாக்டர், இன்றோ நாளையோ என்றார். அவர் கூடத்தில் நின்று குரலைத் தாழ்த்தி அவளிடம்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் காது இன்னும் கூர்மையாகவே இருந்தது. டாக்டர் போனதும், பொடிசிடம் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பொடிசு என்பது அவருடைய தங்கை. அறுபத்துநாலு வயதுப் பொடிசு. நாற்பது வருடமாக வேறு நாட்டில் இருக்கிறாள். ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துப் பதினோரு வருடமாகிவிட்டது. அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இங்கே மதியம் இரண்டு மணி.

நேற்று இரண்டு மணிக்கு, பொடிசு மடிக்கணினியில் கூப்பிடுகிற நேரத்தில், மகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அழைப்பு வந்தது. எடுப்பதற்கான பொத்தானும் அதே வலது மூலையில்தான் முளைக்கும். அதன் மேல் வேறொன்று வந்து உட்கார, அப்பா அதை அழுத்திவிட்டார். திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் கணினியை வைரஸ் தாக்கிவிட்டது என்று ஊளையிட ஆரம்பித்தது. பயந்துபோய் மூடி வைத்துவிட்டார். அவள் திரும்பி வந்தபோது, தப்பு செய்த பிள்ளை மாதிரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தார். கைப்பேசியில் பேசலாம் என்றாள். அதில் பொடிசு கட்டைவிரல் அளவுதான் தெரிகிறாள், எனக்கு முழு முகம் வேண்டும் என்றுவிட்டார்.

ஆகவே இன்று காலையிலேயே அமைப்புகளைத் திறந்து, ஒளிந்திருந்த இந்தப் பட்டியலைத் தேடிப் பிடித்திருந்தாள். மொத்தத்தையும் ஒரே அழுத்தில் துடைத்துவிடலாம். ஆனால் அப்பா, ஒவ்வொண்ணா சொல்லு, என்றார்.

சொன்னாள். செருப்புக்கடை, கால் வீங்கியபோது மெத்தென்று ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தது. தடு. ஒழுகும் குழாயைச் சரிசெய்வது எப்படி என்று சொல்லித்தரும் பக்கம், குழாய் கடைசிவரை ஒழுகியது. தடு. தட்டச்சு வேகப் போட்டி ஒன்று. அதில் எப்படி நுழைந்தார் என்று அவருக்கே நினைவில்லை. இருபத்திரண்டாவதாக ஒரு வரன் தேடும் பக்கம் வந்தது.

"இது யாருக்குப்பா?"

"உனக்குத்தான். அவன் உன்னை விட்டுட்டுப் போன புதுசுல."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்புறம் பார்த்தா நீ நல்லாத்தான் இருந்தே. விட்டுட்டேன்," என்றார்.

தடு என்பதை அழுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முப்பத்தொன்பதாவது, ஏதோ ஒரு குளிர் நகரத்தின் வானிலை. அதன் மேல் கை வைத்ததும் அப்பா தலையை அசைத்து வேண்டாம் என்றார். அது பொடிசு இருக்கிற ஊர். அங்கே மழையா, குடை எடுத்துப் போயிருப்பாளா என்று தினம் பார்ப்பாராம். அதை மட்டும் விட்டுவைத்தாள். எல்லாம் முடிந்தபோது திரையின் மூலை, பெருக்கி முடித்த முற்றம் மாதிரி காலியாக இருந்தது. அப்பா அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடு காலியான மாதிரி இருக்கு," என்றார். குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது. பொத்தான் தனியாக, பளிச்சென்று நின்றது. அப்பாவே விரலை நீட்டி அழுத்தினார். அத்தையின் முகம் திரை கொள்ளாமல் வந்தது. வேலைக்குப் போட்ட நீல மேல்சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

முதலில் வழக்கமான பேச்சுதான். சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி இருக்கிறது, அங்கே குளிரா. பிறகு அப்பா கையைத் தூக்கினார். தான் ஒன்று சொல்ல வேண்டும் என்றார்.

"நீ கிளம்பின அன்னைக்கு, டூட்டி இருக்கு, வர முடியலைன்னு சொன்னேனே. பொய். ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"தூணுக்குப் பின்னாடி நின்னா ஆளு மறையும். மீட்டர் பை மறையுமா? ஒரு பக்கம் பை தெரிஞ்சுது, இன்னொரு பக்கம் உன் தொப்பை தெரிஞ்சுது."

"அப்போ ஏன் கூப்பிடலை?"

"கூப்பிட்டா நீ அழுவே. நீ அழுதிருந்தா நான் வண்டி ஏறியிருக்க மாட்டேன் அண்ணா."

அப்பா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நாற்பது வருடமாகத் தூணுக்குப் பின்னாலேயே நின்றிருந்தவர் இப்போதுதான் வெளியே வந்த மாதிரி அவர் முகம் லேசாகியிருந்தது. அவள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க பேசிக்கிட்டு இருங்க," என்றார். "நான் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்."

பேசினார்கள். சலவைக்கூடத்தில் புதிதாக வந்திருக்கிற, விரிப்புகளை மடிக்கும் இயந்திரத்தைப் பற்றி அத்தை சொன்னாள். அது மூலையை ஒழுங்காகச் சேர்ப்பதில்லையாம், அத்தை மறுபடி கையால் பிரித்து மடிக்கிறாளாம். மகள், தான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் பதினாறு சட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் போட்டதையே வாங்கிப் போனாளாம். அப்பாவின் வாயோரம் அசைந்தது. அவருடைய மணிக்கட்டு அவள் கைக்குள் இருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. ஒரு மூச்சு வெளியே போனபோது அத்தையும் பேச்சை நிறுத்தினாள். இருவரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

"ஆச்சா?" என்று அத்தை கேட்டாள்.

"ம்."

அத்தை திரையிலிருந்து விலகினாள். எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள், மடிக்கணினியைக் கால்மாட்டில் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொன்னாள். அவள் அப்படியே செய்தாள். டாக்டருக்குச் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்குள் வருவதாகச் சொன்னார். பிறகு அப்பாவின் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்து, ஜன்னல் திரையை விலக்கி, சீப்பை எடுத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"வகிடு இடது பக்கம்," என்றாள் அத்தை.

"தெரியும் அத்தை."

"சின்ன வயசுல வலது பக்கம் எடுப்பான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் மாத்தினான். உங்கம்மா சொல்லியிருப்பா."

அவளுக்கு அது தெரியாது. ஈரச்சீப்பால் மெதுவாக வாரினாள். அதிக முடி இல்லை. இருந்ததை வாரி முடிக்கும்போது அப்பா எங்கேயோ கிளம்பத் தயாரானவர் மாதிரி இருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக நிமிர்ந்தாள்.

நாற்காலியில், திரைக்குள், அத்தை உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண்ணாடி மூக்கின் நுனிவரை இறங்கியிருந்தது. அவள் பின்னால் சமையலறை ஜன்னலில் அங்கே விடிந்த வெளிச்சம் நிறைந்திருந்தது.

இங்கே வாசலில் அழைப்புமணி அடித்தது. அவள் தன் பக்கத்து ஒலியை மட்டும் அடைத்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து கதவைத் திறக்கப் போனாள்.