பிசென்தேயின் தொப்பிக்கு அடியில்

எட்டு மாதமாக என் கணவன் பிசென்தே ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "பார்த்துட்டேன்."

நான் பழகிய சீட்டு வித்தை இதுதான். அவன் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சீட்டுக்கட்டுக்குள் செருகுவான். கடைசியில் அது அவனுக்குத் தெரியாமல் மேஜைமேல் கிடக்கும் அவனுடைய தொப்பிக்கு அடியில் இருக்க வேண்டும். குளியலறைக் கண்ணாடி முன்னால் விரல் தேயப் பழகினேன். கண்ணாடி ஏமாந்தது, பிசென்தே ஏமாறவில்லை. பாவி மனிதன், என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டான்.

எங்கள் ஊர் தொலோசாவின் திருவிழா மேடையில் எனக்குப் பத்து நிமிடம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவன் பிசென்தேயின் சீட்டாட்டக் கூட்டாளி கோல்தோ.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க மேஜையில நாலு பேரையும் ஏமாத்திக் காட்டு, தாயே. இல்லேன்னா அந்த நேரம் அக்கார்டியன்காரனுக்குத்தான்" என்றான்.

அவன் சொல்லி முடித்ததும் நாலு பேரும் முஸ் என்ற சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தார்கள். நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். முஸ் ஆட்டத்தில் கூட்டாளிக்கு முகத்தாலேயே சேதி சொல்லலாம். கீழுதட்டைக் கடித்தால் கையில் இரண்டு ராஜா. எதிராளி அதைக் கண்டுபிடித்துவிட்டால் போச்சு. பொய்யாகக் கடித்தாலோ ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால் நாலு பேரும் கையைப் பார்க்கவே இல்லை, வாயைத்தான் பார்த்தார்கள். எட்டு மாதம் விரலைத் தேய்த்திருக்கிறேன், பழக வேண்டியது உதடு.

அந்த வாரம் முழுக்க அதைப் பழகினேன். "பல்வலியா?" என்று கேட்டான் பிசென்தே. கடியைப் பாதியாகக் குறைத்தேன், பிறகு அதிலும் பாதி. வெள்ளிக்கிழமை அவன் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு வந்தது. அவரைக்காய்க் குழம்பு முடிந்து காப்பியும் வந்தது. பிசென்தே சீட்டை எடுத்தான், செருகினான், என் கையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கோல்தோவைப் பார்த்து லேசாகக் கீழுதட்டைக் கடித்தேன்.

நான்கு தலைகளும் சடாரென்று நிமிர்ந்தன. அந்த நேரத்தில் தொப்பிக்கு அடியில் ஒரு கோழியையே வைத்திருக்கலாம்.

"தொப்பியத் தூக்கு" என்றேன்.

கோப்பைக் குதிரைச் சீட்டு. அவன் எடுத்த சீட்டேதான். கோல்தோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பிசென்தே மட்டும் சிவந்துபோய் எழுந்தான்.

"இது செல்லாது. இவ உதட்டக் கடிச்சா, நான் பார்த்தேன். கையில ஒண்ணுமில்லாம பொய்ச் சைகை காட்டியிருக்கா."

இடது கையில் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு சீட்டுகளைத் திருப்பிப் போட்டேன். இரண்டும் ராஜா.

அவன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தான்.

"பார்க்கல" என்றான்.