நான்காவது கட்டம்: தெரு

1

1998 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில், மாலை நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், ஓர் இணையதளத்தின் உறுப்பினர் படிவத்துக்கு ஐந்து கட்டங்கள் வைக்கப்பட்டன. பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், தெரு, தொழில்.

அன்று நான் அங்கே ஃபேக்ஸ் அனுப்பப் போயிருந்தேன். ஒரு பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். என் ஃபேக்ஸ் போய், ரசீது வந்து, நான் படியிறங்கும்வரை அப்படியே இருந்தாள். இந்தக் கதை அங்கிருந்து வந்தது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது, அவள் பெயர் உட்பட.

2

சுகிர்தாவுக்கு அன்று காலையிலிருந்தே மனசு

(இந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். காலையில் அவளுக்கு ஒன்றுமில்லை. எல்லாம் நாலு மணிக்குத்தான்.)

சென்டரின் முதலாளி குற்றாலலிங்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. வெளிநாடுகளில் சிதறிக்கிடக்கும் தாமிரபரணிக் கரைக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஒரு தளம் வேண்டும் என்பது அவர் ஆசை. அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் அதற்கான மென்பொருளை ஃபிளாப்பியில் கொடுத்தனுப்பியிருந்தான். உறுப்பினரிடம் என்னென்ன கேட்பது என்பதை அதில் நாமே கட்டம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ‘கட்டாயம்’ என்று ஒரு சின்னப் பெட்டி. அதில் டிக் போட்டுவிட்டால், நிரப்பாமல் யாரும் உறுப்பினராக முடியாது. சென்டரில் வேலை பார்க்கும் சுகிர்தா மூன்று கட்டங்கள் வைத்திருந்தாள்; அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்தார்.

“ஊரோட நிறுத்திட்டியே தாயி. தெருவயும் போடு,” என்றார் அண்ணாச்சி.

“ஊரு போதாதா அண்ணாச்சி?”

“ஊரச் சொன்னா ஆயிரம் பேரு வருவான். தெருவச் சொன்னாத்தான ஆளு யாருன்னு பிடிபடும்? துபாய்ல உக்காந்து ஒருத்தன் சொந்தம் தேடுதான், பொண்ணு தேடுதான். என்னத்தக் கேப்பான்?”

“தெரு இல்லாதவங்க?”

“தெரு இல்லாம யாருளா இருக்கா? ஆகாசத்துலயா குடியிருக்கான்?” தன் பகடிக்குத் தானே சிரித்தார். “டிக்கப் போடு. போட்டுட்டு மொத ஆளா உன் பேரயே ஏத்திரு. நீ கைராசிக்காரி. உங்க கல்லிடைக்குறிச்சில எனக்குத் தெரியாத தெருவா! பாத்துருவோம்.”

அவள் டிக் போட்டதைப் பார்த்துவிட்டு, டீ சொல்லக் கீழே போனார்.

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்பது விசாரிப்பு. தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. கேட்பவர் அதைச் சொல்ல வேண்டியதில்லை, பதில் சொல்பவரும் சொல்ல வேண்டியதில்லை.)

3

வேலைக்குச் சேரும்போது அவள் “கல்லிடைக்குறிச்சிப் பக்கம்” என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் ஊருக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். போய், மணிமுத்தாறு தாண்டி, மலையேறி, மாஞ்சோலையில் நிற்கும். அம்மாவும் அப்பாவும் அங்கே எஸ்டேட்டில் தேயிலை பறிப்பவர்கள். அதைச் சொன்னாலே எங்கள் பக்கத்தில் தெருவைச் சொன்ன மாதிரிதான்.

முதல் வரைவில் அவளை ஒரு பொய்த் தெருவை எழுத வைத்தேன். அண்ணாச்சி அடுத்து எந்த வீடு என்று கேட்பார். அந்த வரைவை அடித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவில் அவள் அண்ணாச்சி முன்னால் எழுந்து நின்று சாதியைப் பற்றி முக்கால் பக்கம் பேசினாள். எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் படித்தபோது அது என் குரலாக இருந்தது. வேலை போனால் திரும்ப மலையேறிக் கொழுந்து கிள்ள வேண்டியவள் அவள், நானில்லை.

4

ஆகவே அவளைச் சும்மா உட்கார வைத்தேன்.

போன் லைன் மெதுவாக இருந்தது. பக்கம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. நான்காவது கட்டம் வெறும் வெள்ளையாய் வந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்ததில் வெள்ளை கொஞ்சம் அசைந்தது.

மாஞ்சோலையில் மூடுபனி ஏறும்போது முதலில் தேயிலைச் சரிவு மறையும். பிறகு எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், அதாவது லைனில், கடைசி வீடு, அதற்கு முந்தின வீடு. கடைசியில் அவள் உட்கார்ந்திருக்கும் வாசற்படி மட்டும் மிஞ்சும். வீடுகள் தெரியாது. பாத்திரம் துலக்குவது கேட்கும், யாரோ இருமுவது, ஒரு ரேடியோ. லைன் முடிகிற இடத்துக்கு அப்பாலிருந்தும் சத்தம் வரும். அங்கேயும் வீடுகள் உண்டென்று சின்ன வயதில் நம்பியிருந்தாள். பனிக்குள் லைன் முடியாமல் நீண்டுகொண்டே போவதாகவும், வீட்டுக்கு வீடு விளக்கேற்றுவதாகவும், நடந்தால் எந்த வாசலிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும்.

(எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள்? என் ஃபேக்ஸ் இரண்டு பக்கம்.)

பிறகு மவுஸைத் தொட்டாள். தெருவுக்குப் பக்கத்திலிருந்த டிக்கை எடுத்தாள். பெயரை எழுதினாள். சொந்த ஊர்: மாஞ்சோலை. தெருவைக் காலியாக விட்டுச் சேமித்தாள். பக்கம் ஏற்றுக்கொண்டது.

5

அண்ணாச்சி இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். அவளுக்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரையைப் படித்தார்.

“மாஞ்சோலையா? கல்லிடைன்னுல்லா சொன்ன?”

“பக்கம்னு சொன்னேன் அண்ணாச்சி.”

“பக்கந்தான். மலைக்கு மேல ஒரு பக்கம்!” சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. “தெரு காலியா கெடக்கே?”

“அங்கன தெரு கெடயாது. லைன்தான். நாங்க நாலாவது லைன்.”

“லைனு...” டீயை ஊதினார். “மொத ஆளு யாருன்னு மச்சினன் கேப்பான்லா. என்னன்னு சொல்லட்டும்?”

“சுகிர்தான்னு சொல்லுங்க.”

“அது சரி,” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், “அது சரி தாயி.”

6

அண்ணாச்சியைக் கெட்டவராக்கினால் இதை முடிப்பது சுலபம். அவர் கெட்டவரில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததற்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலே குளிர் எப்படி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். இன்னொன்றில் எதுவும் கேட்காமல் தன் டீயைக் குடித்து முடிக்கிறார். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பிறகு நடந்தது ஒன்றுதான்.

டிசம்பர் முதல் தேதி தளம் திறந்தது. தெருக் கட்டம் மறுபடியும் கட்டாயமாக இருந்தது. முதல் உறுப்பினர் குற்றாலலிங்கம். சுகிர்தா நவம்பர் முப்பதாம் தேதி வரை வேலைக்கு வந்தாள்.